விஜயதசமிக்குள் ஒரு சர்வர்

கோபம் வராவிட்டால் நான் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்ய மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அன்றைக்கு விழுப்புரத்தில் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருந்தால் ஊரை விட்டே போயிருப்பார்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் பால் கம்பெனியின் குளிரூட்டும் நிலையத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சுற்றியுள்ள கிராமங்களில் காலையும் மாலையும் பால் எடுப்பார்கள். ஊருக்கு ஊர் வைத்திருக்கும் சின்ன மிஷின், யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு என்று பதிந்து இணையத்தில் அனுப்பிவிடும். அதை நான் இறக்கி, ஊர்வாரியாகத் தட்டச்சு செய்து, அட்டவணை போட்டு, விழுப்புரம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். இதற்குப் பெயர் சீட்டுத் தட்டுவது. முதலாளி சாவகாசமாக அதை எடுத்துப் படிக்கும்போது அந்தப் பால் தயிராகி, மோராகி, யார் வயிற்றிலோ போயிருக்கும்.

அந்த மாதக் கூட்டத்துக்கு விழுப்புரம் போயிருந்தேன். முதலாளியின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பேச ஆரம்பித்தார்.

“இதெல்லாம் பழைய காலம் மாமா. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி இருக்குது. கிளவுட்ல சர்வர் போட்டு, அனலிடிக்ஸ் சாஃப்ட்வேர் ஏத்திக் குடுத்துடுவாங்க. நீங்க வீட்ல காபி குடிச்சிக்கினே எந்த ஊர்ல எவ்ளோ பாலுன்னு கலர் கலரா பாக்கலாம். திண்டிவனத்துல ஆபீஸே தேவையில்ல. அந்தப் பொண்ணு இங்க வந்து ஏதாவது தட்டிக்கினு இருக்கட்டும்.”

அந்தப் பொண்ணு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தது. எனக்கு நாற்பது நெருங்குகிறது. இதே விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். நெட்வொர்க் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எடுத்தவள். அதற்கப்புறம் கல்யாணம், பிள்ளை, பால் சீட்டு. வாயிலிருந்த மிக்சரை விழுங்கினேனா என்றுகூட நினைவில்லை.

“நானே போடறேன் சார்” என்றேன்.

முதலாளி நிமிர்ந்தார். “இன்னாம்மா போடுவ?”

“சர்வர் சார். மெட்ராஸ்காரங்க வந்து இன்னா போடுவாங்களோ, அத்தயே நான் போட்டுத் தர்றேன்.”

மச்சான் சிரித்தார். “இது பால் சீட்டு இல்லம்மா.”

“தெரியும் சார். அதனாலதான் கேக்கறேன்.”

முதலாளி பக்திமான். எதையும் ஒரு நல்ல நாளோடு முடிச்சுப் போட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். சுவரிலிருந்த தினசரிக் காலண்டரை எட்டிப் பார்த்தார்.

“சரி. விஜயதசமி அன்னிக்குக் காலைல நம்ம வூட்டு ஆளுங்க, ஊர் ஊரா பால் வண்டி ஓட்டற ரூட் ஆளுங்க எல்லாரும் இங்க வருவாங்க. இதோ இந்த டிவில நீ சொல்றது ஓடணும். ஓடிச்சுன்னா கம்ப்யூட்டர் வேலை முழுக்க உன் பொறுப்பு. திண்டிவனத்துலயே இருந்துக்கினு பாத்துக்க. ஓடலன்னா மெட்ராஸ்காரங்களுக்குக் குடுத்துடுவேன். நீ இங்க வந்து தட்டு. அப்புறம் வந்து பேஜாரு பண்ணக்கூடாது.”

“பண்ண மாட்டேன் சார்” என்று எழுந்தேன்.

பஸ்ஸில் முண்டியம்பாக்கம் வரும்வரை கோபம் இருந்தது. அதைத் தாண்டியதும் கோபம் இறங்கிக்கொள்ள, பயம் ஏறிக்கொண்டது. தினமும் விழுப்புரத்துக்குப் போய்வருவது எனக்குப் பெரிதில்லை. தலை நரைக்கும்வரை அடுத்தவர் போட்ட மிஷினுக்கு நான் சீட்டுத் தட்டிக்கொண்டிருப்பேனோ என்பதுதான் பயம். விக்கிரவாண்டியில் மனசுக்குள் ஒரு வரைபடம் போட ஆரம்பித்தேன். தரவு எங்கே இருக்கிறது, சர்வர் எங்கே இருக்க வேண்டும், நடுவில் என்ன வேண்டும். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அதோடு சர்வரைப் போட்டுப் பார் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் நிலையத்தில் பால் பரிசோதனை செய்யும் அக்காதான் எனக்குக் கூட்டாளி. கொழுப்பு பார்க்கும் மிஷினைத் துடைத்துக்கொண்டே நான் சொல்வதையெல்லாம் கேட்பாள். புரியவில்லை என்றால் தலையாட்ட மாட்டாள். அதனாலேயே அவளிடம் சொன்னால் எனக்கே தெளிவாகிவிடும்.

“மிஷினு எப்ப வருது?” என்று கேட்டாள்.

“மிஷினே வராதுக்கா. அது மும்பைல இருக்குது. நாம வாடகைக்கு எடுக்கறோம்.”

“வாடகைக்கா? யாரு கொண்டாந்து எறக்குவா?”

“யாரும் எறக்க மாட்டாங்க. கல்யாண மண்டபம் இருக்குதில்ல? நாம கட்டலை. பாத்திரம், அடுப்பு, வாட்ச்மேன் எல்லாம் அவங்களோடது. நம்ம கல்யாணத்த நடத்திக்கினு, இருந்த வரைக்கும் வாடகை குடுக்கறோம். அந்த மாதிரி ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல நமக்குன்னு ஒரு பங்கு தடுத்துக் குடுப்பாங்க. நமக்குத் தனி கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கும்.”

அக்கா யோசித்தாள். “அப்போ பக்கத்து மண்டபத்துக்காரன் நம்ம பந்தியில வந்து உக்காந்துட்டா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெட்வொர்க் பாதுகாப்பைப் பற்றி நான் இணையத்தில் பாதி நாள் தேடிப் படித்ததை அவள் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டாள். “அதுக்குக் கதவு வெப்பேன்க்கா” என்றேன்.

மறுநாள் காலைப் பால் இறங்கி முடிந்ததும் உட்கார்ந்தேன். கம்பெனி மின்னஞ்சலில் கணக்குத் திறந்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு கேள்வி கேட்டது. எந்த ஊரில் மிஷின் வேண்டும், எத்தனை பெரிய நினைவகம், எத்தனை பெரிய வட்டு, உள்ளே போக என்ன பெயர், என்ன கடவுச்சொல். பதில் சொல்லத் தெரிந்த கேள்விகளுக்குத் தெம்பாகச் சொன்னேன். தெரியாத கேள்விகளுக்கு அவர்களே போட்டு வைத்திருந்த பதிலை அப்படியே விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து ‘உருவாக்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ‘இயங்குகிறது’ என்று பச்சை எழுத்தில் வந்தது.

தொலைவிலிருந்தே அதற்குள் நுழைந்தேன். என் பழைய மானிட்டரில் திடீரென்று ஒரு புத்தம்புது கம்ப்யூட்டர் விரிந்தது. ஒரு கோப்பும் இல்லை, ஒரு தூசியும் இல்லை. என் வீட்டுக்காரரின் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பின்பக்கம்தான் எங்கள் குடித்தனம். என் பெயரில் ஒரு செண்டு நிலம் கிடையாது. இங்கே ஒரு முழு மிஷின், நான் வைத்த பெயரைத் தாங்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதித்தேன். அக்கா உள்ளே ஓடி வந்து, “இன்னாடி, தேள் கொட்டிச்சா?” என்றாள்.

வணிகப் பகுப்பாய்வு மென்பொருளை அந்த மிஷினில் இறக்கி ஏற்ற ஆரம்பித்தேன். அது சும்மா ஒரு நிரல் இல்லை. எண்களை வாங்கிப் படமாக்கி, கேட்பவருக்கெல்லாம் இணையப் பக்கமாகப் பரிமாறும் சர்வர். ஏறுவதற்கே வெகு நேரம் பிடித்தது. பாதி ஏறியிருக்கும்போது திண்டிவனத்தில் கரண்ட் போய்விட்டது. குளிரூட்டும் இடத்துக்கு ஜெனரேட்டர் உண்டு, என் மேஜைக்குக் கிடையாது. கறுத்துப் போன மானிட்டரைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதியில் நின்ற மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றுவது எவ்வளவு தொல்லை என்று படித்திருந்தேன்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்து அதிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தேன். அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது! நீலப் பட்டை முன்பு நான் பார்த்ததைவிட நீளமாகியிருந்தது. இங்கே கரண்ட் போனால் அங்கே என்ன? எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மருக்கும் அந்த மிஷினுக்கும் சம்பந்தமே இல்லை. இதைப் புத்தகத்தில் படித்தது வேறு, இருட்டு அறையில் வியர்த்துக்கொண்டே கண்ணால் பார்த்தது வேறு. அன்றைக்குப் புளிச்சோறு அவ்வளவு ருசியாக இருந்தது.

ஏறி முடிந்ததும், கம்பெனிச் செலவில் வாங்கிய உரிமச் சாவியைக் கொடுத்தேன். நிர்வாகியின் பெயரைக் கேட்டது. என் பெயரைக் கொடுத்தேன். எல்லாம் தயார் என்றது. என் கம்ப்யூட்டரில் முகவரியைத் தட்டினேன். நாலு எண்களைப் புள்ளி வைத்துக் கோத்த முகவரி. பக்கம் வரவே இல்லை. மறுபடி தட்டினேன். வரவில்லை. அந்த மிஷினுக்குள்ளேயே போய்த் தட்டினால் அழகாக வந்தது, வெளியே வந்தால் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல இணைய இணைப்பைத் திட்டினேன், மவுசைத் திட்டினேன், கடைசியில் மென்பொருள் எழுதியவனையும் திட்டினேன். அப்புறம்தான் அக்காவிடம் சொன்ன கதவு நினைவுக்கு வந்தது. நான் வைத்ததுதான். எல்லா வாசலையும் இறுக்கிச் சாத்தியிருக்கிறேன், வருகிறவர்களுக்கென்று ஒரு வாசலைத் திறக்கவே இல்லை. திறந்தேன். பக்கம் வந்தது.

அடுத்து வந்த நாட்களில் எனக்குப் பசி தெரியவில்லை. கிராமத்து மிஷின்கள் இணையத்தில் அனுப்பி வைக்கும் எண்களை இந்தச் சர்வரே போய் நேராக எடுத்துக்கொள்ளும்படி இணைத்தேன். பிறகு படங்கள். எங்கள் வட்டார வரைபடத்தில் ஊருக்கு ஒரு புள்ளி. பால் அதிகம் என்றால் பெரிய புள்ளி, குறைந்தால் சின்னது. பெருமுக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் மாலைப் பால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பள்ளம் விழுந்தாற்போல் இறங்குவது தெரிந்தது. வாரா வாரம், அதே கிழமை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு சந்தைடி. பொம்பளைங்கல்லாம் மல்லாட்டையும் காயும் எடுத்துக்கினு போயிடுவாங்க. சாயங்காலம் யாரு கறக்கறது? ஆம்பளைங்களா?”

எத்தனையோ வருடங்களாக அந்த ஊரின் எண்களை என் விரலால் தட்டியிருக்கிறேன். ஒரு நாளும் அதில் சந்தை தெரிந்ததில்லை. இப்போது கோடாக வரைந்ததும் ஊரே தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை ஓட்டும் பொறுப்பு வேறு யாருக்கும் போகக் கூடாது என்று அந்த நிமிடத்தில் மனசுக்குள் அடம்பிடித்தேன். அதுவரை மச்சானை ஜெயிப்பதுதான் நோக்கமாக இருந்தது. அதற்கப்புறம் மச்சான் நினைவுக்கே வரவில்லை.

நவராத்திரி தொடங்கியபோது முதலாளி திண்டிவனத்துக்கு வந்தார். கையில் குங்குமப் பொட்டலம்.

“மிஷின் எங்கம்மா?”

“மும்பைல சார்.”

“அது தெரியும். அதுக்கு ஒரு பொட்டு வெக்கணுமே.”

யோசித்து, என் மானிட்டரின் ஓரத்தில் வைத்தார். பிறகு படங்களைக் காட்டினேன். அவர் பிறந்த ஊரின் புள்ளி எங்கே என்று கேட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகம் பிள்ளை முகமாகிவிட்டது. கிளம்பும்போது திடீரென்று நின்றார்.

“இத்த ஆளுறவங்க பேருல்லாம் எழுதியிருக்குமாமே? அதுல என் பேரு இருக்குதா?”

“இல்ல சார். நான் மட்டும்தான்.”

“என் மிஷின்ல என் பேரு இல்லாம எப்படிம்மா? போடு.”

போட்டேன். மிஷினை வாடகைக்கு எடுத்த கணக்கில் நிர்வாகியாகவே போட்டேன். அவர் போனிலும் அந்தக் கணக்கைப் பார்க்கும் செயலியை ஏற்றி, இதில் பச்சை இருந்தால் மிஷின் ஓடுகிறது, இந்தப் பொத்தானில் நிற்கும், அந்தப் பொத்தானில் ஓடும் என்று காட்டிக் கொடுத்தேன். போனைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே தட்டிக்கொண்டு போனார். பிறகு விழுப்புரம் டிவியிலும், ரூட் ஆட்களின் போனிலும் அந்த நாலு எண் முகவரியை நானே பதிந்து கொடுத்து, திறந்து பார்க்கச் செய்தேன். எல்லாரிடமும் திறந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அந்த நாளுக்குக் கறாரான முறை உண்டு. பேனா முதல் பால் வண்டி வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்து சாமி முன்னால் ஒப்படைத்துவிட வேண்டும். மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. ஆனால் மாட்டுக்கு ஏது ஆயுத பூஜை? அது கறக்கத்தான் செய்யும். ஆகையால் பால் எடுக்கும் மிஷினுக்கும், வண்டிக்கும், குளிரூட்டும் கம்ப்ரஸருக்கும் மட்டும் விதிவிலக்கு. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எதிரில் நின்று, கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிக் கற்பூரம் காட்டுவார்கள். என் கம்ப்யூட்டரை நானும் அணைத்து, பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் படைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று முழுக்க போனில்கூட சர்வரைத் திறக்கவில்லை. நம் பங்குக்கு நாமும் மரியாதை செய்ய வேண்டாமா?

விஜயதசமியன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டம் நெரிந்தது. விக்கிரவாண்டி தாண்டும்போது போன் வந்தது. முதலாளி.

“இன்னாம்மா, டிவில ஒண்ணுமே வரல? வெள்ளையா நிக்குது.”

“வரும் சார், ஒருவாட்டி மறுபடி திறந்து பாருங்க.”

“நாலுவாட்டி பாத்தாச்சு. ரூட் ஆளுங்க போன்லயும் வரலங்கறாங்க. எல்லாரும் வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. எனக்கு மானம் போவுது.”

பின்னால் மச்சான் குரல் கேட்டது. “நான்தான் அப்பவே சொன்னேனே மாமா. மெட்ராஸுக்கு போன் போடறேன்.”

“ஜல்தி வா” என்று போனை வைத்துவிட்டார்.

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒற்றைக் கையால் போனில் பார்த்தேன். மிஷின் பச்சையாகத்தான் இருந்தது. ஓடுகிறது, ஆனால் பக்கம் வரவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. மென்பொருள் விழுந்துவிட்டதா? உரிமம் போய்விட்டதா? முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்க இறங்க, இனி தினமும் இந்த பஸ்தான் என்று தோன்றியது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கூடத்தில் முதலாளியின் குடும்பம் முழுக்கப் பாயில் உட்கார்ந்திருந்தது. சுவரோரமாக ரூட் ஆட்கள், கையில் பொரிப் பொட்டலத்தோடு. டிவி வெள்ளையாக ஒளிர்ந்தது. மச்சான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “இன்னிக்கே ஆளு அனுப்புங்க” என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

லேப்டாப்பைத் திறந்து சர்வரின் விவரப் பக்கத்துக்குப் போனேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. முகவரி மாறியிருந்தது. நாலு எண்களில் ஒன்றுகூடப் பழையதில்லை. டிவியும் போன்களும் காலி செய்த வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. வாடகை மிஷினை வெளியிலிருந்து முழுவதுமாக நிறுத்தினால் அதன் முகவரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மறுபடி ஓட்டும்போது வேறொன்று தருவார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் மாறாது. அப்படியென்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பொத்தான் இரண்டே பேர் கையில்தான் இருந்தது. ஒருத்தி நான்.

நிமிர்ந்தேன். முதலாளியின் போன் மேஜைமேல் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. “சார், மிஷினை நீங்க நிறுத்தினீங்களா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “ஆமா. ஆயுத பூஜை அன்னிக்கு மிஷின் ஓடலாமா? நேத்து சாமி கும்பிட்டு நிறுத்தினேன். இன்னிக்குக் காலைல கற்பூரம் காட்டி ஓட்டிட்டேனே. பச்சையாதான இருக்குது?”

கூடத்தில் எல்லாரும், அதானே, ஓடலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். முதலாளியின் மனைவி, “பாவம், அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாவா?” என்றார். ஒரு கணம் எனக்கே நான்தான் தப்புச் செய்ததாகப் பட்டது. பிறகு சிரிப்பு வந்தது. இத்தனை படித்து, இத்தனை யோசித்து, எந்தெந்த வழியில் சர்வர் விழலாம் என்று பட்டியலே போட்டு வைத்திருந்தேன். சந்தனம் அதில் இல்லை.

“சார், நிறுத்தினா அதோட அட்ரஸ் மாறிடும். அதான் டிவிக்கு வழி தெரியல. பாதி தப்பு உங்க மேல. மாறாத அட்ரஸா கேட்டு வாங்கியிருக்கணும், அத்த வாங்காத பாதி என் மேல. இருங்க, இப்பவே வாங்கறேன்.”

“அப்போ மெட்ராஸ்காரங்க போட்டிருந்தா...” என்று மச்சான் ஆரம்பித்தார்.

“அத்தயும் சார் நிறுத்தியிருப்பாரு” என்றேன்.

யாரோ ரூட் ஆள் களுக்கென்று சிரித்துவிட்டார். முதலாளியின் மீசையும் அசைந்தது. நிலையான முகவரி ஒன்றை வாங்கி மிஷினோடு கட்டினேன். டிவியில் அதைப் பதிந்தேன். வெள்ளைத் திரை ஒரு தடவை மின்னியது. பிறகு எங்கள் வட்டாரம் முழுவதும் புள்ளி புள்ளியாக எழுந்து நின்றது.

ரூட் ஆட்கள் பொரியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். “அண்ணே, நம்ம ஊரு பெருசா இருக்குது பாரு!” “எங்க ஊரு ஏன் சின்னதா இருக்குது?” “உங்க ஊர்ல மாடா வளக்கறீங்க?” ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு டிவியைத் தொட்டார்கள். அன்று காலையில் ஊற்றிய பால் அதற்குள் திரையில் இருந்தது. கறந்த சூடே ஆறியிருக்காது. முதலாளி தன் ஊர்ப் புள்ளியின் அருகில் போய் நின்றுகொண்டார். மச்சான் போனில், “அப்புறம் பேசறேன் சார்” என்று சொல்வது காதில் விழுந்தது.

கூட்டம் கலைந்து இலை போட ஆரம்பித்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“திண்டிவனம் ஆபீசு அங்கேயே இருக்கட்டும். நீயே பாத்துக்க. சொன்னது சொன்னதுதான்.”

“சரி சார்.”

“இன்னொண்ணு. இதுல என் பேர எடுத்துடு.”

“ஏன் சார்? பாதி என் மேலதான்னு சொன்னேனே.”

“அதுக்கில்லம்மா. கைல இருந்தா கை சும்மா இருக்காது. கிரகணம் வந்தா நிறுத்தத் தோணும். எனக்கு என்னைத் தெரியும். பாக்கறதுக்கு மட்டும் வுட்டுட்டு மீதிய எடு.”

அவர் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். வாடகைக் கணக்கில் நிர்வாகிகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள். அவருடையதைத் தொட்டு, பார்வையாளர் என்று மாற்றினேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். ஆமாம் என்று அழுத்தினேன். நிர்வாகிகளில் இப்போது ஒரு பெயர்தான் இருந்தது.

அவர் போனைத் திரும்ப வாங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தார். பச்சை இருந்தது. அதன் கீழே இருந்த பொத்தான் மங்கியிருந்தது. விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“இப்ப நான் இத்த நிறுத்தணும்னா இன்னாம்மா பண்றது?”

“என்னைக் கேக்கணும் சார்.”